இதய ஸ்கேனில் 'பத்து சதவீதம்': ஹச்சமோவிச் ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூக்ளியர் ஹார்ட் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு ரிப்போர்ட்டில் ஒரு சதவீதம் போட்டுக் கொடுப்பார்கள். இதயத் தசையில் இத்தனை சதவீதத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். பத்துக்கு மேல் என்றால் முகம் மாறும், ஆஞ்சியோ பேச்சு வரும். பத்துக்குக் கீழே என்றால் மாத்திரை. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டுரையில் போய் நிற்கும், 2003-இல் ரோரி ஹச்சமோவிச் எழுதியது. அதைப் பற்றியும் அவருடைய மற்ற கட்டுரைகளைப் பற்றியும் என்னிடம் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கட்டுரைகளைப் படிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

யார் இந்த ஹச்சமோவிச்?

அமெரிக்க இதய மருத்துவர். லாஸ் ஏஞ்சலிஸின் சிடார்ஸ்-சைனாய் மருத்துவமனையில் இதய ஸ்கேன் நிபுணர் டேனியல் பெர்மன் குழுவோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகளால்தான் பெயர் பெற்றார். பிறகு கிளீவ்லேண்ட் கிளினிக்கில் இருந்தார். புதுக் கேமராவோ புது மருந்தோ கண்டுபிடித்தவர் இல்லை. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களை விடாமல் பின்தொடர்ந்து எண்ணியதுதான் அவர் வேலை. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் படம் தெளிவாக விழுகிறதா, அடைப்பைக் காட்டுகிறதா என்றே எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த துறையில், இந்தப் படத்தை வைத்து இவர் பிழைப்பாரா என்று சொல்ல முடியுமா எனக் கேட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

அந்த ஸ்கேனில் என்னதான் செய்கிறார்கள்?

கையில் ஊசி வழியாகக் கதிரியக்கப் பொருள் கொஞ்சம் ஏற்றுவார்கள். ரத்தம் எங்கே நன்றாகப் போகிறதோ அங்கே இதயத் தசை அதை நிறைய உறிஞ்சும், போகாத இடம் படத்தில் மங்கலாக இருக்கும். ஓய்வில் ஒரு படம், ட்ரெட்மில்லில் ஓடவிட்டோ மருந்து கொடுத்தோ இதயத்துக்கு வேலை வைத்து இன்னொரு படம். வேலை செய்யும்போது மட்டும் மங்கினால் இஸ்கீமியா, அதாவது தசை உயிரோடு இருக்கிறது ஆனால் தேவைக்கு ரத்தம் வரவில்லை. இரண்டு படத்திலும் மங்கலாகவே இருந்தால் அநேகமாகத் தழும்பு, பழைய அட்டாக்கின் மிச்சம்.

ஊர்ப் பேச்சில் இன்னும் 'தாலியம் ஸ்கேன்' என்றுதான் பெயர். ஆனால் பெரும்பாலான இடங்களில் இப்போது தருவது டெக்னீசியம், அதன் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். தாலியத்துக்கு 73 மணி நேரம் ஆகும்.

சதவீதத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் ரிப்போர்ட் மேல் உள்ள பயம் பாதி போய்விடும். இடது கீழறையின் தசையை 17 துண்டுகளாகப் பிரிப்பார்கள் (ஹச்சமோவிச்சின் 2003 கட்டுரையில் 20 துண்டுகள்). ஒவ்வொரு துண்டுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். 0 என்றால் நல்ல நிலை, 4 என்றால் அங்கே கதிரியக்கப் பொருளே ஏறவில்லை. இது பரீட்சை மாதிரி இல்லை, மதிப்பெண் கூடக்கூட மோசம். 17 துண்டுக்கு மொத்தம் 68. வேலை கொடுத்தபோது வந்த கூட்டலிலிருந்து ஓய்வில் வந்த கூட்டலைக் கழித்து, மீதியை 68-ஆல் வகுத்தால் இஸ்கீமியா சதவீதம் வந்துவிடும்.

என் மாமா ஒருவர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். வித்தியாசம் 7 என்று போட்டிருந்தது. ஏழை அறுபத்தெட்டால் வகுத்தால் 10.3. ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே பென்சிலால் போட்டுக் காட்டினேன். அப்புறம், ஏதாவது ஒரு துண்டில் '2' போட்டதற்குப் பதிலாக இன்னொரு டாக்டர் '1' போட்டிருந்தால் என்ன ஆகும் என்று 6-ஐ வைத்து வகுத்தேன். 8.8. மாமா இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஒரு மார்க் கூடினா ஆஞ்சியோ, குறைஞ்சா மாத்திரையா?" என்றார். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தாலே கீழ்ச்சுவர் மங்கலாகத் தெரியும், பெண்களுக்கு மார்பகத்தின் நிழல் முன்சுவரில் விழும். ஒரு மார்க் என்பது அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை.

2003 கட்டுரையில் அப்படி என்ன இருந்தது?

'சர்குலேஷன்' இதழில் வந்தது. 1990களில் ஸ்ட்ரெஸ் ஸ்கேன் (இதயத்துக்கு வேலை கொடுத்து எடுப்பது) எடுத்த 10,627 பேர். இவர்களில் யாருக்கும் அதற்கு முன் ஹார்ட் அட்டாக் வந்ததில்லை, ஸ்டெண்ட்டோ பைபாஸோ செய்ததில்லை. ஸ்கேனுக்குப் பின் 60 நாளுக்குள் 671 பேருக்கு ஸ்டெண்ட் அல்லது பைபாஸ் நடந்தது, மீதி 9,956 பேர் மருந்தோடு இருந்தார்கள். சராசரியாக 1.9 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் 146 பேர் இதயக் கோளாறால் இறந்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் முடிவு தலைகீழாக இருக்கும்: ஸ்டெண்ட், பைபாஸ் செய்தவர்களில் 2.8 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்தில் இருந்தவர்களில் 1.3 சதவீதம்தான். அப்படியானால் பைபாஸ் ஆளைக் கொல்கிறதா? இல்லை. குடை பிடித்தவர்கள்தான் அதிகம் நனைந்திருக்கிறார்கள் என்றால் குடையால் நனைந்தார்கள் என்று சொல்வோமா, கனமழையில் வெளியே போனவர்கள் அவர்கள். அதுபோல நிலைமை மோசமாக இருந்தவர்களைத்தான் டாக்டர்கள் ஆபரேஷனுக்கு அனுப்பினார்கள்.

இந்தக் கோணலை நேராக்க அவர்கள் 'புரொபென்சிட்டி ஸ்கோர்' என்ற கணக்கைப் போட்டார்கள். வயது, நெஞ்சுவலி, ஸ்கேன் முடிவு எல்லாவற்றையும் வைத்து, இந்த ஆளை ஆபரேஷனுக்கு அனுப்பும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, அதையும் கணக்கில் சேர்த்து ஒப்பிடுவது. அப்படிச் செய்தபோது மருந்து அணி, ஆபரேஷன் அணி இரண்டின் ஆபத்துக் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. இஸ்கீமியா குறைவாக இருந்தவர்களுக்கு மருந்தே நல்லது, கூடுதலாக இருந்தவர்களுக்கு ஸ்டெண்ட்டோ பைபாஸோ நல்லது. வெட்டிக்கொண்ட இடம் 10 முதல் 12.5 சதவீதத்துக்குள். தசையில் 20 சதவீதத்துக்கு மேல் இஸ்கீமியா இருந்தவர்களில் மருந்தோடு இருந்தோர் 6.7 சதவீதம் பேரும், ஆபரேஷன் ஆனவர்களில் 2 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். இந்த வித்தியாசம்தான் எல்லார் கண்ணிலும் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் எப்படி அது விதியானது?

கட்டுரைத் தலைப்பிலேயே 'குறுகிய கால' உயிர்பிழைப்பு என்றும், 'முன்பு இதயநோய் இல்லாதவர்கள்' என்றும் போட்டிருந்தார்கள். எழுதியவர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள் என்பது என் கருத்து. ஆனால் தலைப்பு நீளம், எண் சின்னது. எண் மட்டும் தனியாகப் பயணம் போனது. எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய இதயநோய் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலில், பத்து சதவீதத்துக்கு மேல் இஸ்கீமியா இருந்தால் ஆயுளைக் கூட்ட ஸ்டெண்ட் அல்லது பைபாஸ் செய்யலாம் என்பது முதல் வகுப்பு, அதாவது மிக உறுதியான பரிந்துரையாக நின்றது. வழிகாட்டுதலில் ஏறிவிட்டால் அப்புறம் யார் மூலக் கட்டுரையைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 671 பேரை இஸ்கீமியா அளவுப்படி ஐந்து கூடைகளில் பிரித்தால் ஒவ்வொரு கூடையிலும் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? பத்தாயிரம் என்று தொடங்கிய கட்டுரையில், முக்கியமான முடிவு சில நூறு பேர் மேல்தான் நிற்கிறது.

அவர் எண்ணியது சரிதானா என்று யாராவது சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்களா?

பார்த்தார்கள், அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டர் முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கல் மாதிரி பிரித்து ஒப்பிட்டார்கள். அதற்கு நாள் ஆனது. முதலில் கரேஜ் ஆய்வு, 2007-இல் வந்தது. நிலையான இதயநோய் உள்ள 2,287 பேரில் மருந்து மட்டும் ஒரு பக்கம், மருந்தோடு ஸ்டெண்ட்டும் ஒரு பக்கம். மரணத்திலும் அட்டாக்கிலும் வித்தியாசம் இல்லை. அதில் 314 பேருக்கு முன்னும் பின்னும் நியூக்ளியர் ஸ்கேன் எடுத்து 2008-இல் தனிக் கட்டுரை போட்டார்கள். ஸ்டெண்ட் வைத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு இஸ்கீமியா நன்றாகக் குறைந்தது, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு. இதைப் பார்த்து ஸ்கேன் கட்சிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் குறைந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்களா என்ற கேள்விக்கு வந்த பதில், மற்ற காரணங்களைக் கணக்கில் சேர்த்ததும் மங்கிவிட்டது.

பெரிய பரீட்சை இஸ்கீமியா ஆய்வுதான். பெயரே அதுதான். 37 நாடுகள், 320 மையங்கள், இந்திய மருத்துவமனைகளும் உண்டு. 5,179 பேர். உள்ளே வரவே மிதமான அல்லது கடுமையான இஸ்கீமியா வேண்டும், நியூக்ளியர் ஸ்கேன் வழியாக வருபவர்களுக்கு அந்தக் கோடு அதே பத்து சதவீதம். 2020-இல் முடிவு வெளியானது. ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுத்த அணியில் 145 மரணம், முதலில் மருந்து என்று வைத்த அணியில் 144. ஒரே ஒரு ஆள் வித்தியாசம்! அட்டாக் முதலானவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஐந்தாண்டில் அதே வரிசையில் 16.4 சதவீதம், 18.2 சதவீதம். உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் ஹச்சமோவிச் சொன்னது தப்பா?

இதற்கு ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அவர் சொன்னதில் இரண்டு பாகம் இருக்கிறது. ஸ்கேன் மோசமாக இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது ஒன்று. அந்த ஸ்கேனை வைத்து ஆபரேஷன் செய்தால் ஆயுள் கூடும் என்பது மற்றொன்று. முதல் பாகம் அவர் காலத்து நோயாளிகளில் உறுதியாக நின்றது. இரண்டாவது பாகம்தான் சீட்டுக் குலுக்கியபோது நிற்கவில்லை.

காரணங்கள் பல இருக்கும். 1990களில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இன்று போல எல்லார் கையிலும் இல்லை, அன்றைய 'மருந்து' அணியும் இன்றைய மருந்து அணியும் ஒன்றல்ல. இஸ்கீமியா ஆய்வில் பெரும்பாலானவர்களுக்கு முதலிலேயே சிடி ஆஞ்சியோ எடுத்து, இதயத்துக்கு ரத்தம் தரும் இடது முதன்மைக் குழாயில் அடைப்பு இருப்பவர்களை வெளியே எடுத்துவிட்டார்கள். பழைய கூட்டத்தில் அப்படிப்பட்டவர்களும் கலந்திருந்திருப்பார்கள், அவர்களுக்குப் பைபாஸ் உயிர் காக்கும் என்பதில் இப்போதும் யாருக்கும் சண்டை இல்லை. புரொபென்சிட்டி ஸ்கோரும் தாளில் எழுதிய விஷயங்களை மட்டும்தான் நேராக்கும். இந்த ஆள் தளர்ந்துபோய் இருக்கிறார், ஆபரேஷன் தாங்கமாட்டார் என்று டாக்டர் கண்ணால் பார்த்து எடுத்த முடிவு எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

2021-இல் இஸ்கீமியா ஆய்வுக்காரர்களே இன்னொரு கட்டுரை போட்டார்கள். இஸ்கீமியா எவ்வளவு கடுமை என்பதற்கும் மரணத்துக்கும் அந்தக் கூட்டத்தில் தொடர்பு தெரியவில்லை, சிடி படத்தில் எத்தனை குழாயில் அடைப்பு என்பதற்குத் தொடர்பு தெரிந்தது. நியூக்ளியர் பக்கத்து ஆட்களுக்கு இது கசப்பான செய்தி. என் பார்வையில் ஹச்சமோவிச்சின் எண்ணிக்கை பழுதில்லை, அதன்மேல் மற்றவர்கள் கட்டிய மாடிதான் அஸ்திவாரம் தாங்காத உயரத்துக்குப் போய்விட்டது.

இஸ்கீமியா ஆய்வு வந்த பிறகு ஸ்டெண்டே வேண்டாமா?

அப்படிச் சொல்லவே இல்லை. அட்டாக் வந்துகொண்டிருப்பவர்கள், சமீபத்தில் வந்தவர்கள், இதயம் ரத்தத்தைப் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதத்துக்குக் கீழே போனவர்கள், மருந்துக்கு அடங்காத நெஞ்சுவலி உள்ளவர்கள் யாரும் அந்த ஆய்வில் இல்லை. அடிக்கடி நெஞ்சுவலி வந்தவர்களுக்கு ஸ்டெண்ட், பைபாஸ் அணியில் நல்ல நிவாரணமும் கிடைத்தது. 2022-இல் நீண்ட காலக் கணக்கு வந்தபோது ஏழாண்டில் இதயம் சார்ந்த மரணம் ஆபரேஷன் அணியில் குறைவு (6.4-க்கு 8.6 சதவீதம்), மற்ற காரணங்களால் வந்த மரணம் அதே அணியில் அதிகம், கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஏறக்குறைய சமம். கதை இன்னும் முடியவில்லை.

ஸ்கேன் நார்மல். எத்தனை வருஷத்துக்குக் கவலை வேண்டாம்?

இதையும் ஹச்சமோவிச் ஆராய்ந்திருக்கிறார், அதுவும் 2003-இல்தான். கட்டுரைத் தலைப்பிலேயே நார்மல் ஸ்கேனுக்கு 'வாரண்டி' எவ்வளவு நாள் என்று கேட்டிருக்கிறார். மிக்ஸி வாங்கினால் அட்டையில் தேதி போட்டுத் தருவார்களே, அதே வாரண்டி. ஸ்கேன் நார்மலாக வந்த 7,376 பேரைப் பின்தொடர்ந்ததில், எல்லாருக்கும் ஒரே வாரண்டி கிடையாது என்று தெரிந்தது. வயது, சர்க்கரை நோய், ஏற்கெனவே இதயநோய், ஓட முடியாமல் மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்தது, இவையெல்லாம் காலத்தைக் குறைக்கும். முன்பே இதயநோய் உள்ளவர்களுக்கு முதல் வருஷத்தைவிட இரண்டாம் வருஷத்தில் ஆபத்து கூடியது.

இந்தக் கட்டுரைதான் எனக்குப் பிடித்தது. பத்து சதவீதக் கட்டுரைக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை. நார்மல் என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும்.

'லேசாக மாற்றம் உள்ளது' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம்?

1998-இல் அவர் 5,183 பேரை வைத்து எழுதியதில் இதற்கு விடை இருக்கிறது. ஸ்கேன் நார்மலானவர்களுக்கு இதய மரணமும் சரி அட்டாக்கும் சரி, ஆண்டுக்கு அரை சதவீதத்தைத் தாண்டவில்லை. லேசான மாற்றம் உள்ளவர்களுக்கு மரணம் ஆண்டுக்கு 0.8 சதவீதம், ஆனால் அட்டாக் 2.7 சதவீதம். அதாவது உடனே சாகிற ஆபத்து குறைவு, அட்டாக் வருகிற ஆபத்து சும்மா இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குத் தேவை கத்தியைவிட மாத்திரையும் சிகரெட்டை விடுவதும் என்பதுதான் அங்கிருந்து வந்த யோசனை. அது இன்றும் நிற்கிறது.

ஸ்கேன் எடுத்தபின் டாக்டர்கள் அதன்படி நடக்கிறார்களா?

முழுசாக இல்லை. ஸ்கேன் எடுத்தவர்களின் விவரங்களைச் சேர்த்த ஸ்பார்க் என்ற பதிவேட்டிலிருந்து 1,703 பேரை வைத்து 2012-இல் ஹச்சமோவிச் குழு எழுதியது. ரிப்போர்ட் மிக மோசமாக வந்தவர்களிலேயே கணிசமானோர் மூன்று மாதத்துக்குள் ஆஞ்சியோவுக்கு அனுப்பப்படவில்லை. அதையாவது வாதிடலாம். அவர்களில் சிலருக்கு ஆஸ்பிரினோ கொழுப்பு மாத்திரையோகூட எழுதப்படவில்லை என்பதை என்னவென்று சொல்வது?

இந்த ஸ்கேனே இப்போது தேவையா?

சிடார்ஸ்-சைனாயிலேயே 1991 முதல் 2009 வரை ஸ்கேன் எடுத்த 39,515 பேரை எண்ணிப் பார்த்தார்கள் (இது ஆலன் ரொசான்ஸ்கியும் பெர்மனும் மற்றவர்களும் 2013-இல் எழுதியது). 1991-இல் 40.9 சதவீத ஸ்கேன்கள் கோளாறு காட்டின, 2009-இல் 8.7 சதவீதம்தான். சிகரெட் குறைந்தது, மருந்து கூடியது, கூடவே தேவையில்லாதவர்களுக்கும் ஸ்கேன் எழுதப்பட்டிருக்கலாம். நெஞ்சில் ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குச் சும்மா ஒரு செக்கப்புக்காக இதை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொந்தரவு இருப்பவர், சிடிக்கான சாயம் சிறுநீரகத்துக்கு ஆகாதவர், ஏற்கெனவே ஸ்டெண்ட் உள்ளவர், இவர்கள் கதை வேறு.

கதிர்வீச்சு?

உண்டு. அளவு, ஸ்கேன் எடுக்கும் முறையைப் பொறுத்தது. ஹச்சமோவிச் காலத்தில் சிடார்ஸ்-சைனாயில் ஓய்வுக்குத் தாலியம், ஸ்ட்ரெஸ்ஸுக்கு டெக்னீசியம் என்று இரண்டும் கலந்து கொடுத்தார்கள், அதில் கதிர்வீச்சு அதிகம். இப்போது ஸ்ட்ரெஸ் படத்தை முதலில் எடுத்து, நன்றாக இருந்தால் ஓய்வுப் படத்தையே விட்டுவிடுகிற வழக்கமும் இருக்கிறது. உங்கள் இடத்தில் எப்படி என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

உங்க மாமா என்ன ஆனார்?

வேறொரு டாக்டரிடம் போனார். அவர் சிடி ஆஞ்சியோ எடுத்து, இடது முதன்மைக் குழாய் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மூன்று மாத்திரை எழுதி, வலி கூடினால் மட்டும் வரச் சொன்னார். இது மாமாவுக்கு எடுத்த முடிவு. உங்களுக்கு வேறாக இருக்கலாம், உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் ராத்திரி காபி குடித்துவிட்டேன், சொல்லணுமா?

கட்டாயம் சொல்லுங்கள். ஓடவிடாமல் அடினோசின் மாதிரி மருந்து கொடுத்து எடுப்பதாக இருந்தால் காபியில் உள்ள காஃபீன் அந்த மருந்தை வேலை செய்யவிடாது, இருக்கிற இஸ்கீமியா படத்தில் தெரியாமல் போகலாம். 12 முதல் 24 மணி நேரம் வரை காபி, டீ, கோலா எதுவும் கூடாது என்று சொல்வார்கள். மாமா முதல் தடவை காலை ஐந்தரைக்கு வழக்கம்போல டம்ளர் நிறைய டிகிரி காபி குடித்துவிட்டுப் போய், ஊசி போடும் நர்ஸிடம் தானாகவே ஒப்புக்கொண்டு, அடுத்த வாரத்துக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தார்.